காலு தயாராயிருச்சா?

வாங்க தம்பி, வாங்க. டம்பெல் விஷயமா காலையில போன் பண்ணினது நீங்கதானே? கனகசபை நான்தான். செருப்பை உள்ளயே விடுங்க. வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். இந்தத் தெரு நாய்க்கு ஒத்தச் செருப்புதான் பிடிக்கும், ஜோடியாத் தூக்காது.

என்னது, காலை இழுக்கறீங்க? முட்டியா? வண்டியில விழுந்ததா. அடடா. ஆபரேஷன் ஆகி எத்தனை மாசம்? நாலு மாசமா. அப்ப டாக்டர் தொடைக்கு உரம் ஏத்தச் சொல்லியிருப்பாரு, அதானே டம்பெல் தேடறீங்க. உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. பேரு என்ன சொன்னீங்க? பிரிட்டோ. பாலக்கரைன்னா மாதா கோயில் பக்கமா? நல்லது.

சாமான் மேல மொட்டை மாடியில இருக்கு. வெளிப்பக்கப் படி. பத்தொம்பது படி, கைப்பிடி கிடையாது. இந்த முட்டியோட நீங்க ஏற வேண்டாம். நான் கொண்டாறேன். கொண்டாறேன், இருங்க, என்ன அவசரம். முதல்ல ஒரு காபி குடிங்க. பால் இருக்கு, டிக்காஷன் இருக்கு, குடிக்கத்தான் ஆள் இல்ல.

இல்ல தம்பி, தூக்க முடியாம இல்ல. ரெண்டும் சேத்து நாப்பது கிலோ. எனக்கு அது ஒரு விஷயமே கிடையாது. ஐம்பத்தாறு வயசுன்னு யாரும் நம்ப மாட்டாங்க, வேட்டியை மடிச்சுக் கட்டினா இந்தத் தொடையைப் பாத்துட்டு மில்லுல மூட்டை தூக்கறவன்னு நினைப்பாங்க. ஆனா அதைத் தூக்கறதுக்கு முந்தி உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிரணும். எங்க அப்பா பழைய சைக்கிள் வாங்கப் போனாக்கூட, சைக்கிளைப் பாக்க மாட்டாரு. இதை ஓட்டினவன் எங்கேன்னுதான் முதல்ல கேப்பாரு. ஒரு சாமான் எதுக்காக விலைக்கு வருதுன்னு தெரியாம வாங்கக் கூடாதும்பாரு. நீங்களும் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். முப்பத்தொரு வருஷம் ஒரு கூண்டுக்குள்ள உக்காந்து, துறையூர் வண்டி எடு, லால்குடி வண்டி தள்ளி நிறுத்துன்னு மைக்குல சொல்ற வேலை. ஊரே போயிட்டு வந்துக்கிட்டு இருக்கும், நான் உக்காந்தே இருப்பேன். உக்காந்து உக்காந்து ரெண்டு காலும் முருங்கைக்காய் ஆயிருச்சு. கல்யாணம் ஆகலை. அது தனிக் கதை, அதை ஆரம்பிச்சா இன்னிக்கு நீங்க பாலக்கரை போய்ச் சேர மாட்டீங்க. அண்ணன் வீட்டோடயே இருந்துட்டேன். அண்ணன் பேரு அமிர்தலிங்கம். அண்ணி சிவபாக்கியம். அவங்களுக்கு ஒரு மகன் முகுந்தன், ஓசூர்ல வேலை. அவ்வளவுதான் குடும்பம். அப்பாவும் இருந்தாரு, எண்பத்தோரு வயசு வரைக்கும்.

அப்பா போனது அஞ்சு வருஷத்துக்கு முந்தி, சித்திரை மாசம். கல்யாணச் சாவு, அதனால தாரை தப்பட்டையோட எடுத்தோம். உங்கள்ல பெட்டி வெச்சு எடுப்பீங்க. எங்களுக்குப் பாடை. பச்சை மூங்கில் வெட்டி, தென்னங்கீத்து முடைஞ்சு, நாலு பேரு தோள் குடுத்துத் தூக்கணும். மூத்த மகன் கொள்ளிச்சட்டியை எடுத்துக்கிட்டு முன்னாடி நடப்பான். அவன் திரும்பிப் பாக்கக் கூடாது. பின்னாடி என்ன சத்தம் கேட்டாலும் பாக்கக் கூடாது. இளையவன் நான், முன்பக்கத்துத் தோள். எடுத்த பாடை சுடுகாட்டு வாசல்ல அரிச்சந்திரன் கல்லு வரைக்கும் தரையில படக் கூடாது. அங்கதான் இறக்கித் திசை மாத்தறது. அதுக்கு முந்தி எங்கயாச்சும் தரையைத் தொட்டுட்டா, போறவரு அங்கயே இறங்கிருவாரும்பாங்க. நான் சொல்லலை தம்பி, சொல்லுவாங்க.

தோள் மாத்திக்கலாம். அதுக்குத்தான் பின்னாடி ஆள் வரும். பெட்டிக்கடை தாண்டினதுமே ஒருத்தர் வந்து, 'கனகு, நான் புடிக்கிறேன், நீ கொஞ்சம் விடு'ன்னாரு. மாட்டேன்னுட்டேன். எங்கப்பாவை நான் தூக்காம யாரு தூக்குவான்னு ஒரு ரோஷம். இத்தனைக்கும் முதநாள்லேர்ந்து பச்சைத் தண்ணி உள்ள போகலை. மாவு மில்லு திருப்பத்துல வலது தொடை ஆடுச்சு. எனக்குத் தெரிஞ்சுது. இன்னும் ஒரு பர்லாங்குதான், தாங்கும்னு நினைச்சேன். அப்படியே முட்டி மடங்கிருச்சு. பாடை ஒரு பக்கம் சாஞ்சு, அப்பா சரிஞ்சு, கட்டை விரல் ரெண்டையும் சேத்துக் கட்டியிருந்த அந்தக் காலு ரெண்டும் வெளிய வந்து, குதிகால் தார் ரோட்டுல பட்டுச்சு.

சித்திரை வெயில். பன்னெண்டு மணி. அந்த ரோட்டுல யாரும் வெறுங்காலை வெக்க முடியாது. எங்கப்பா வெச்சாரு.

தாரை நின்னுருச்சு. எல்லாரும் ஓடி வந்து தூக்கறாங்க. அண்ணன் திரும்பிட்டாரு. 'திரும்பாத, அமிர்தம், திரும்பாத!'ன்னு பெரியவங்க கத்தறாங்க. அவரு கொள்ளிச்சட்டியைக் கையில வெச்சுக்கிட்டே திரும்பினாரு. அப்பாவைப் பாக்கலை தம்பி, என்னைத்தான் பாத்தாரு. 'கனகு, அடி பட்டுச்சாடா?'ன்னு கேட்டாரு.

அதுக்கப்பறம் நான் மாவு மில்லுப் பக்கம் போறதில்ல. பஸ் ஸ்டாண்டுக்கு அதுதான் குறுக்கு வழி. நான் பின் தெரு வழியா சுத்திக்கிட்டுப் போவேன், பத்து நிமிஷம் கூட ஆகும். கேக்கறவங்ககிட்ட நடைப்பயிற்சின்னு சொல்லிக்குவேன். உங்ககிட்ட என்ன மறைக்கறது, அங்க அப்பா நிக்கறாரு. கண்ணுக்குத் தெரிய மாட்டாரு. வெறுங்காலோட, காலை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு, சூடு தாங்காம நிக்கற மாதிரி இருக்கும். ஒருநாள் தெரியாத்தனமா அந்தப் பக்கம் போயிட்டேன், என் உள்ளங்கால் எரிஞ்சுது. செருப்புப் போட்டிருந்தேன்.

காபி சூடா இருக்கா? சர்க்கரை வேணும்னா போட்டுக்கங்க.

ரெண்டரை வருஷம் போச்சு. அண்ணனுக்கு முதுகுல வலின்னு ஆரம்பிச்சுது. பாத்தா தண்டுவடத்துல கட்டி. ஆபரேஷன் பண்ணினாங்க, கட்டியை எடுத்தாங்க, காலும் அதோட போச்சு. இடுப்புக்குக் கீழ கிள்ளினாத் தெரியாது. தெருவுல பேச ஆரம்பிச்சுட்டாங்க. கொள்ளி எடுத்தவன் திரும்பிப் பாத்தான்ல, அதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆனா எனக்குத் தெரியும், திரும்பினது அவரு தப்பு இல்ல. நான் விழலைன்னா அவரு ஏன் திரும்பறாரு? மடங்கினது என் காலு. போனது அவரு காலு. கணக்கு சரியாத்தான் இருக்கு, ஆள்தான் மாறிப் போச்சு.

டாக்டர் எங்களைத் தனியாக் கூப்பிட்டு, 'கட்டி திரும்பவும் வரும், ஒரு வருஷம், மிஞ்சிப் போனா ரெண்டு'ன்னு சொன்னாரு. அண்ணி சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாங்க. முகுந்தன் போன்ல வீல் சேர் பாத்துக்கிட்டு இருந்தான். நான் நேரா ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போனேன். அன்னிக்குச் சாயங்காலமே டம்பெல் வாங்கிட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? பாசம் தம்பி, வேற என்ன. இன்னொரு தடவை இந்த வீட்லேர்ந்து ஒரு பாடை கிளம்பறப்ப என் காலு மடங்கக் கூடாது. அண்ணனாச்சும் தரை தொடாம போய்ச் சேரணும். அதுக்கு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ டைம் குடுத்திருக்காரு டாக்டர். டைம் குடுத்தா வண்டியைச் சரியான நேரத்துக்கு எடுக்கறதுதானே என் வேலை.

ஜிம்முக்குப் போக வெட்கம். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரு நான் டம்பெல்லைக் கொண்டாறதைப் பாத்துட்டு, 'என்ன கனகசபை, கண் கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரமா'ன்னாரு. போனைப் பாத்துக் கத்துக்கிட்டேன். ஸ்குவாட்டுங்கறான், வேற ஒண்ணுமில்ல, நம்ம பஸ்கிதான். கையில எடையைத் தொங்க விட்டுக்கிட்டு எடுக்கணும். இங்க பாருங்க, காலை இவ்வளவு அகலம். பின்னாடி நாற்காலி இருக்கறதா நினைச்சுக்கிட்டு உக்காரப் போகணும். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முட்டி உள்பக்கமா சாயக் கூடாது. நீங்க எடுத்தவுடனே எடை புடிக்காதீங்க, முதல்ல வெறுங்கை, சுவத்துல முதுகைக் குடுத்து. அப்பறம் ஒத்தைக் காலை முன்னாடி எட்டி வெச்சு இறங்கறது ஒண்ணு இருக்கு, லஞ்சஸ். பாடை தூக்கறவனுக்கு அதுதான் முக்கியம். குண்டு குழியில காலை வெச்சா அந்தத் தசைதான் தாங்கும். அப்பறம் படியோட ஓரத்துல முன்பாதத்தை வெச்சு எழும்பறது, அது கெண்டைக்காலுக்கு.

காலையில அஞ்சரைக்கு மாடிக்குப் போயிருவேன். முதல் மாசம் அஞ்சஞ்சு கிலோ. மறுநாள் கக்கூஸ்ல உக்காந்தா எழுந்திரிக்க முடியாது, கதவைப் புடிச்சுக்கிட்டு எழுந்திரிப்பேன். அப்பறம் பத்து. ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவுல ஒரு டவுன் பஸ் ஆளை ஏத்தி இறக்கற நேரம் ஓய்வு. ஒரு வருஷத்துல பதினஞ்சு. கடைசியில கைக்கு இருபது. நாலு பேரு தூக்கற பாடையில ஒரு ஆளுக்கு என்ன பெரிய எடை வந்துரப் போகுது? நான் அதைப் போல ரெண்டு மடங்கு புடிச்சேன்.

ஒவ்வொரு தடவையும் எழுந்திரிக்கறப்ப, என் முன்னாடி அந்த மாவு மில்லு திருப்பம்தான் இருக்கும். இப்ப தாண்டிட்டேன், இப்ப தாண்டிட்டேன்னு சொல்லிக்குவேன். வேற நினைப்பே கிடையாது.

அண்ணனோட கட்டில் இதோ, நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் கிடந்துச்சு. இரும்புக் கட்டில். நேர் மேல மாடி. பத்து எடுத்து முடிச்சு டம்பெல்லைக் கீழ வெச்சா இங்க டொக்குன்னு கேக்கும். கொஞ்ச நாள்ல என்ன ஆச்சுன்னா, கீழேயிருந்து பதிலுக்கு ஒரு சத்தம் வர ஆரம்பிச்சுது. டங், டங்குன்னு. எவர்சில்வர் டம்ளரால கட்டில் கம்பியில தட்டறாரு. தூக்கம் கெடுதுன்னு தட்டறாருன்னு நினைச்சுக்கிட்டு, கோணிச்சாக்கை நாலா மடிச்சுப் போட்டு அது மேல வெச்சேன். மறுநாள் அண்ணி வந்து, 'ஏன் கொழுந்தனாரே, இன்னிக்கு எடுக்கலையா? சத்தத்தைக் காணோமேன்னு கேக்கறாரு'ன்னாங்க. சாக்கை எடுத்துட்டேன். நோயாளிக்கு ஒரு பொழுதுபோக்குன்னு விட்டுட்டேன்.

அண்ணன் கிண்டல்காரரு. படுத்த படுக்கையா ஆனப்பறமும் வாய் மட்டும் படுக்கலை. நான் கீழ இறங்கி வேர்வையைத் துடைச்சுக்கிட்டு வருவேன், என் காலை மேலயும் கீழயும் பாப்பாரு. 'ஏண்டா கனகு, காலு தயாராயிருச்சா? நான் எப்பக் கிளம்பட்டும்?'ம்பாரு. அண்ணி முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவாங்க. எனக்குக் கோவமா வரும். நான் யாருக்காக இவ்வளவு கஷ்டப்படறேன்? மனசுல இருக்கறது தெரியாத மாதிரியே பேசுவாரு. ஒருநாள் நானும் சொல்லிட்டேன், 'அதெல்லாம் நீ ஒண்ணும் அவசரப்பட வேண்டாம்ணே, இன்னும் பதினஞ்சு கிலோவுலதான் இருக்கேன்'னு. அவரு அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அண்ணி மட்டும் ரெண்டு நாள் என்கூடப் பேசலை.

போன கார்த்திகைக்குக் கேட்டாரு. எங்க மாடியிலேர்ந்து பாத்தா மலைக்கோட்டை நேரா தெரியும், மறைப்பே கிடையாது. உச்சியில தீபம் ஏத்துவாங்க. ஒவ்வொரு கார்த்திகைக்கும் அண்ணன் மாடியில நின்னு பாத்துட்டுத்தான் வீட்ல விளக்கு வெக்கச் சொல்லுவாரு. படுத்து ரெண்டு கார்த்திகை போயிருச்சு. 'கனகு, இந்த வருஷம் என்னை மாடிக்குத் தூக்கிட்டுப் போறியாடா? ஒரு பத்து நிமிஷம். தீபத்தைப் பாத்துட்டு இறங்கிரலாம்'னாரு.

எப்படித் தம்பி தூக்கறது? யோசிச்சுப் பாருங்க. கைப்பிடி இல்லாத படி. பத்தொம்பது படி. திருப்பத்துல ஒரு படி கொஞ்சம் உசரம் கூட. கார்த்திகை மழையில பாசி வேற. நடுவுல என் முட்டி மடங்கிட்டா? உசுரோட இருக்கற ஆளு. கீழ விழுந்தா வலிக்குமே. அப்பாவுக்காவது வலிக்கலைன்னு சொல்லிக்கலாம். 'வேண்டாம்ணே, டிவியில காட்டுவான்'னேன். 'டிவியில காட்டறது திருவண்ணாமலைடா'ன்னாரு. 'சரி, நான் போன்ல எடுத்தாறேன்'னு சொல்லிட்டு, மாடிக்குப் போயி, தீபம் ஏத்தறதை முழுசா எடுத்துக்கிட்டு வந்து காட்டினேன். போனைக் கிட்ட வெச்சு, தள்ளி வெச்சுப் பாத்தாரு. 'நல்லாத்தான்டா இருக்கு'ன்னாரு. அப்பறம் போனைக் குடுத்துட்டு, 'காலு தயாராயிருச்சா?'ன்னாரு. அன்னிக்கு அதைச் சொல்றப்ப அவரு சிரிக்கலை.

அப்ப அவரு எடை நாப்பத்தாறு கிலோ. ஆஸ்பத்திரியில எடுத்து அட்டையில எழுதியிருந்தாங்க. நான் தினமும் நாப்பது கிலோவோட நூறு தடவை உக்காந்து எழுந்திரிக்கறவன். அது வேற, இது வேற. கையில புடிக்கறது இரும்பு. இரும்பு கீழ விழுந்தா என்ன ஆகிரும்? நான் சொல்றது உங்களுக்குப் புரியுதா இல்லையா?

தை பிறந்து மூணாம் நாள், காலையில ஆறேகாலுக்குப் போனாரு. நான் மாடியில இருந்தேன். எட்டுல நின்னுட்டேன், மூச்சு வாங்குச்சு. கீழேயிருந்து டங், டங்குன்னு ரெண்டு சத்தம். இதோ வரேன்னு மனசுல சொல்லிக்கிட்டு மிச்சத்தை எடுத்து முடிச்சேன். இறங்கி வந்து பாத்தா டம்ளர் தரையில உருண்டு கிடக்கு. அண்ணி அவரு நெஞ்சைத் தடவிக்கிட்டு இருக்காங்க.

அன்னிக்கு நான் அழலை. எல்லாரும் பாத்தாங்க, இவன் என்ன கல்லாட்டம் நிக்கறான்னு. எனக்கு வேலை இருந்துச்சே. தண்ணி குடிச்சேன். ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன், யாருக்கும் தெரியாம. இந்தத் தடவை வெறும் வயித்தோட போகக் கூடாது பாருங்க. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். தோள்ல துண்டை மடிச்சுப் போட்டேன். பின்பக்கம் போயி, யாரும் பாக்காம பத்து பஸ்கி எடுத்து காலைச் சூடு பண்ணிக்கிட்டேன். திரும்பி வாசலுக்கு வந்தா, ரதம் வந்து நிக்குது. கண்ணாடி வெச்ச வண்டி, பூவெல்லாம் ஜோடிச்சு, பாட்டுப் போட்டுக்கிட்டு.

மூங்கில் எங்கடான்னேன். முகுந்தன் என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'சித்தப்பா, அப்பாவே சொல்லிட்டுப் போயிருக்காரு. வண்டியிலதான் எடுக்கணுமாம். நீங்க தூக்கக் கூடாதாம்'னான். 'தெருமுனை வரைக்கும்டா. மாவு மில்லு தாண்டற வரைக்கும்டா. அதுக்கப்பறம் வண்டியில வெச்சுக்கங்கடா'ன்னு கெஞ்சினேன். இந்த வாசல்ல நின்னு, இத்தனை பேரு முன்னாடி, பெத்த புள்ளை மாதிரி வளத்தவன்கிட்ட கெஞ்சினேன். அவன், 'சத்தியம் வாங்கியிருக்காரு சித்தப்பா'ன்னுட்டான். வாசல்லேர்ந்து வண்டிக்கு எட்டு அடி. வண்டிக்காரப் பசங்க நாலு பேரு ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டாங்க. முடிஞ்சு போச்சு. மாவு மில்லு திருப்பத்துல வண்டி நிக்கக்கூட இல்ல, ஹாரன் அடிச்சுட்டுத் திரும்பிருச்சு.

ரெண்டு வருஷம் தம்பி. என்மேல அவருக்கு நம்பிக்கை இல்ல பாத்தீங்களா. கூடப் பொறந்தவனை ஊரு முன்னாடி அப்படி அசிங்கப்படுத்தணுமா? அன்னிக்கு ராவெல்லாம் எனக்கு அழுகையை விடக் கோவம்தான் அதிகம்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு முகுந்தன் அண்ணியை ஓசூருக்குக் கூட்டிட்டுப் போனான். கட்டிலை யாருக்கோ குடுத்துட்டான். வீல் சேரும் போச்சு. அந்த டம்ளரை மட்டும் அண்ணி தன் பையில வெச்சுக்கிட்டாங்க. கார்ல ஏறப் போனவங்க திரும்பி வந்தாங்க. 'கொழுந்தனாரே, கோவமா இருக்கீங்க, தெரியுது. அவரு ஒண்ணு சொன்னாரு, சொல்லிட்டுப் போறேன்'னாங்க. தினமும் காலையில அவரு என்கூட எண்ணுவாராம். நான் வெக்கறதுக்கு முந்தி எத்தனை எடுத்தேன்னு மேல காலு தேயற சத்தத்தை வெச்சே கண்டுபுடிச்சிருவாராம். எட்டுல நிறுத்தினா ரெண்டு தட்டு, இன்னும் ரெண்டு பாக்கி. ஏழுல நிறுத்தினா மூணு தட்டு. தொந்தரவுக்குத் தட்டலையாம். விடாதடா, எடுத்து முடின்னு தட்டினாராம்.

'அப்ப ஏன் அண்ணி தூக்க விடலை?'ன்னேன்.

'கனகுக்கு காலு நல்லா உரம் ஏறிருச்சு பாக்கியம், அதைப் பொணத்துக்குன்னு வீணாக்க விட்டுறாத, அப்படின்னாரு'ன்னு சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டாங்க.

இதுக்கு என்ன அர்த்தம்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. நானும் இத்தனை நாளா யோசிச்சுப் பாத்துட்டேன். பொணத்துக்கு இல்லாம வேற எதுக்குத் தம்பி நான் இதை எடுத்தேன்?

அவங்க போன மறுநாள் காலையில பழக்கதோஷத்துல மாடிக்குப் போயிட்டேன். இனிமே எதுக்குன்னு தெரியலை, ஆனா அஞ்சரை ஆனா காலு தானா ஏறுது. டம்பெல்லை எடுத்தேன். ஏழோட நிறுத்திட்டேன். வெச்சுட்டேன். டொக்.

கீழேயிருந்து மூணு சத்தம் வந்துச்சு.

டங், டங், டங்.

வீட்ல யாரும் இல்ல. நான் பூட்டிட்டுத்தான் ஏறினேன், சாவி என் இடுப்புல இருக்கு. தட்டறதுக்குக் கட்டிலும் இல்ல, டம்ளரும் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், கேலி பண்ணாதீங்க. மிச்சம் மூணையும் எடுத்துட்டுத்தான் இறங்கினேன்.

அதுக்கப்பறம் மேல போகலை. இன்னியோட முப்பத்தோரு நாள். விக்கறதுக்காகப் போன்ல நான் போட்டிருந்த டம்பெல் படம் பழைய படம். இப்ப புரியுதா நான் ஏன் மேல போகாம பேசிக்கிட்டே இருக்கேன்னு? உங்களுக்காக அதைத் தூக்கிட்டு வந்தா, இங்க தரையில வெக்கணும். வெச்சா சத்தம் வரும். சத்தம் வந்தா பதில் வரும். எத்தனை தட்டு வரும், இன்னும் எத்தனை பாக்கின்னு நினைச்சாலே தொடை ஆட ஆரம்பிச்சிருது. ரெண்டு வருஷம் உரம் ஏத்தின தொடை, பாருங்க, இப்பவே ஆடுது.

உங்களுக்கு முந்தி ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் காலேஜ் பையன். இன்னொருத்தரு ஜிம் வெச்சிருக்காரு. ரெண்டு பேரையும் வாசலோட, சாமான் வித்துப் போச்சுன்னு அனுப்பிட்டேன். உங்களையும் அனுப்பிரலாமான்னு கடைசி வரைக்கும் ஒரு நினைப்பு இருந்துச்சு. நீங்க கேட்டைப் புடிச்சுக்கிட்டு, அந்தக் காலை ஒரு வாட்டி தூக்கி வெச்சு, வலியை முழுங்கிக்கிட்டு அந்த ஒத்தைப் படியைப் பாத்தீங்க பாருங்க. அதைப் பாத்தேன். வாங்கன்னு வாய் தானாக் கூப்பிட்டுருச்சு. அண்ணன் வீல் சேர்ல உக்காந்து மாடிப் படியை அப்படித்தான் பாப்பாரு. நான் அதை அப்ப பாத்தேனான்னு தெரியலை. இப்பத்தான் பாத்த மாதிரி இருக்கு.

உங்க எடை என்ன தம்பி? சும்மா சொல்லுங்க. ஐம்பத்தெட்டா. அண்ணனை விடப் பன்னெண்டு கூட.

சாமானை மேலயே வந்து பாத்துருங்களேன். நடந்து இல்ல. நான் தூக்கிட்டுப் போறேன்.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். எழுந்திரிச்சிராதீங்க, இருங்க, பயப்படாதீங்க. முதுகுல இல்ல, முதுகுல தூக்கினா உங்க முட்டியை மடக்க வேண்டியிருக்கும், வலிக்கும். ரெண்டு கையிலயும் ஏந்திக்கறேன், கொழந்தையைத் தூக்கற மாதிரி. மழை இல்ல, பாசி இல்ல, படி காஞ்சு கிடக்கு, காலையிலதான் கூட்டினேன். திருப்பத்துல அந்த உசரப் படி எனக்குத் தெரியும். காலையில நான் கடைசிப் படி வரைக்கும் வெறுங்காலோட ஏறி இறங்கிப் பாத்துக்கிட்டேன், மாடியில மட்டும் கால் வெக்கலை. ஆமா, நீங்க போன் பண்ணி முட்டி ஆபரேஷன்னு சொன்னீங்களே, அப்பவே. மறந்து போன மாதிரிக் கேட்டேன், மன்னிச்சிருங்க.

டம்பெல் உங்களுக்குத்தான். விலை எதுவும் வேண்டாம். மேலேயிருந்து மலைக்கோட்டை நல்லாத் தெரியும். ஒரு பத்து நிமிஷம் பாத்துட்டு இறங்கிரலாம்.

உசுரோட ஒரு ஆளை நான் இதுவரைக்கும் தூக்கினதில்ல தம்பி.

கையை என் கழுத்துல போட்டுக்கங்க. அப்படித்தான். முட்டி வலிக்குதா? இன்னும் கொஞ்சம் சாஞ்சுக்கங்க. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. படிக்குப் படி எண்ணுங்க, சத்தமா எண்ணுங்க. பத்தொம்பது. கீழேயிருந்து வேற யாராச்சும் எண்ணற மாதிரி கேட்டா நீங்க நிறுத்திராதீங்க, திரும்பியும் பாக்காதீங்க. நான் விழ மாட்டேன்.

காலு தயாராத்தான் இருக்கு. எண்ணுங்க.